யாரைக் கேட்டு வந்தார்கள், யாரைக் கேட்டுப் போனார்கள்?

1990 மார்ச் 24 அன்று திருகோணமலைத் துறைமுகத்தில் இந்திய அமைதி காக்கும் படையின் கடைசி அணி கப்பலேறியது. போய் இறங்கி மூன்று ஆண்டு முடிய இன்னும் நான்கு மாதம் பாக்கி. ஏறத்தாழ 1,200 சிப்பாய்களைப் பறிகொடுத்துவிட்டுத் திரும்பிய அந்தப் படையை வரவேற்க அன்றைய முதல்வர் கருணாநிதி சென்னைத் துறைமுகத்துக்குப் போகவில்லை. அங்கே தமிழர்களைக் கொன்ற படைக்கு இங்கே மாலை போட முடியாது என்பது அவர் நிலை. அந்த ஜூன் மாதமே இலங்கையில் மறுபடியும் போர் மூண்டது. ராமேசுவரம் கரையில் வள்ளம் வள்ளமாக ஆட்கள் வந்து இறங்கினார்கள். அந்த ஓர் அலையில் மட்டும் ஒரு லட்சம் பேருக்கு மேல்.

படையாகப் போய்த் திரும்பியவர்கள், அகதியாக வந்து இறங்கியவர்கள் என இரண்டு கூட்டமும் வந்து சேர்ந்த இடங்களில் ஒன்று எங்கள் மதுரைச் சமவெளி. நாகமலை புதுக்கோட்டையில் தேனி சாலை மேற்கே உசிலம்பட்டிப் பக்கம் போகிறது. வானம் பார்த்த பூமி. வயிற்றுப்பாட்டுக்காகப் பட்டாளத்தில் சேர்ந்தவர்கள் அந்த வழியிலுள்ள ஊர்களில் நிறைய. அதே இடத்திலிருந்து நான்குவழிச் சாலையைப் பிடித்துத் தெற்கே திருமங்கலத்தை நோக்கிப் போனால் உச்சப்பட்டியில் இலங்கைத் தமிழர் முகாம். வைகைக்கு வடக்கே ஆனையூரில் ஒன்று, மேலூர்ப் பக்கம் திருவாதவூரில் ஒன்று. ஒரு கூட்டம் ஓய்வூதியம் வாங்குகிறது, இன்னொரு கூட்டம் உதவித்தொகை வாங்குகிறது. இலங்கையில் அமைதி காக்க வெளியுலகம் என்ன செய்தது என்ற கேள்வியை ஜெனீவாவில் கேட்பதைவிட இந்தச் சாலைச் சந்திப்பில் நின்று கேட்பதுதான் பொருத்தம் என்று நினைக்கிறேன்.

ஐ.நா. அமைதிப் படைகளுக்கு மூன்று அடிப்படை விதிகள் உண்டு. சண்டையிடும் தரப்புகளின் சம்மதத்தோடு போக வேண்டும். யார் பக்கமும் சாயக் கூடாது. தற்காப்புக்கும், ஒப்படைத்த பணியைக் காப்பாற்றவும் தவிர ஆயுதத்தைத் தொடக் கூடாது. மூன்றில் முதல் விதிதான் அச்சாணி. ஆனால் அந்தச் சம்மதத்தை யாரிடம் கேட்கிறார்கள்? துப்பாக்கி வைத்திருப்பவர்களிடம் மட்டும். அந்த மண்ணில் வீடு வாசலோடு இருக்கும் சனங்களை வரும்போதும் கேட்பதில்லை, போகும்போதும் கேட்பதில்லை. இலங்கையின் நாற்பதாண்டுக் கதையை எந்தப் பக்கம் புரட்டினாலும் இந்த ஓட்டைதான் கண்ணில் படுகிறது.

பூமாலையிலிருந்து போர்வரை

1987 ஜூன் தொடக்கத்தில் யாழ்ப்பாணம் முற்றுகையில் இருந்தது. இந்தியா உணவோடு அனுப்பிய படகுகளை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியது. மறுநாள், ஜூன் 4 அன்று, ஐந்து ஏ.என்.-32 விமானங்கள் மிராஜ் போர் விமானங்களின் காவலோடு போய் யாழ்ப்பாணத்தின் மேல் உணவுப் பொதிகளைப் போட்டன. அதற்கு ‘பூமாலை’ என்று பெயர் வைத்திருந்தார்கள். எட்டு வாரத்தில், ஜூலை 29 அன்று, கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜெயவர்தனவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். கையெழுத்தான 48 மணி நேரத்தில் சண்டை நிற்க வேண்டும், அடுத்த 72 மணி நேரத்தில் போராளிகள் ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும் என்றது ஒப்பந்தம். போராடிய எந்த அமைப்பும் அதில் கையெழுத்திடவில்லை. சண்டை இரண்டு தரப்புக்கு. கையெழுத்து இரண்டு அரசுகளுக்கு. மறுநாள் கொழும்பில் அணிவகுப்பு மரியாதையின்போது இலங்கைக் கடற்படை வீரர் ஒருவர் துப்பாக்கிக் கட்டையால் ராஜீவைத் தாக்கினார். தெற்கே ஜே.வி.பி. ஆயுதம் தூக்கியது. வடக்கே பலாலியில் இந்தியப் படை வந்து இறங்கியது.

இறங்கியபோது யாழ்ப்பாணத்துச் சனங்கள் மாலை போட்டுத்தான் வரவேற்றார்கள். அதை மறக்கக் கூடாது. இந்தியாவை அவர்கள் தாய்வீடு மாதிரி நினைத்த காலம் அது. ஆகஸ்ட் 4 அன்று சுதுமலையில் விடுதலைப் புலிகளின் தலைவர் பிரபாகரன் பேசினார்; ஆயுத ஒப்படைப்பு பேருக்கு நடந்தது. செப்டம்பர் 15 அன்று நல்லூரில் புலிகளின் திலீபன் தண்ணீர்கூடக் குடிக்காமல் உண்ணாவிரதம் தொடங்கி 26-ஆம் தேதி இறந்தார். அக்டோபர் 5 அன்று, இலங்கைக் கடற்படை பிடித்துவைத்த புலித் தளபதிகள் குமரப்பா, புலேந்திரன் உள்ளிட்ட 12 பேர் பலாலியில் சயனைடு கடித்தார்கள். அக்டோபர் 10 வாக்கில் இந்தியப் படைக்கும் புலிகளுக்கும் நேரடிப் போர். பத்தே வாரத்தில் காவலுக்கு வந்தவர்கள் சண்டைக்காரர்கள் ஆகிவிட்டார்கள்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் இரவில் ஹெலிகாப்டரில் இறக்கிவிடப்பட்ட சீக்கியப் படையணியின் முப்பது பேரில் ஒருவர் தவிர எல்லோரும் மாண்டார்கள். பத்து நாள் கழித்து, அக்டோபர் 21 தீபாவளி அன்று, யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் இந்தியப் படை புகுந்தது. மருத்துவர்கள், செவிலியர், நோயாளிகள் என எழுபது பேர் அளவில் கொல்லப்பட்டார்கள். இருபக்கச் சூட்டில் சிக்கியதாக இந்தியத் தரப்பு சொன்னது. பிணங்களுக்கு நடுவே மூச்சடக்கிப் படுத்துக் கிடந்து உயிர் தப்பிய ஊழியர்கள் சொன்னது வேறு. நவம்பர் 25 அன்று புலிகளின் பதுங்கித் தாக்குதலில், மார்பில் குண்டு பாய்ந்த பிறகும் எதிரியின் துப்பாக்கியைப் பறித்துச் சுட்ட மேஜர் ராமசாமி பரமேஸ்வரனுக்குப் பரம்வீர் சக்ரா கிடைத்தது. அவரும் தமிழர்தான். ஆஸ்பத்திரியில் செத்தவர்களும் தமிழர்கள்தான். ‘ஸ்ரீலங்கா டூட்டி’ பார்த்துவிட்டு வந்த நம் பக்கத்து முன்னாள் சிப்பாய்கள் அந்தக் காலத்தைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. ஊரில் அந்தப் பேச்சை எடுக்க முடியாதபடி ஒரு காலம் இருந்தது. கட்டளைக்குப் போன ஆட்கள் அவர்கள். கொள்கை வகுத்தவர்கள் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் கடைநிலைச் சிப்பாயைத் தலை குனிய வைத்ததில் எனக்கு உடன்பாடு கிடையாது.

அந்த நாட்களில் சனங்களின் சம்மதம் என்ற ஒன்றைப் பற்றிப் பேசியவர்கள் மிகச் சிலர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உடற்கூறியல் கற்பித்த மருத்துவர் ரஜனி திராணகம அவர்களில் ஒருவர். இந்தியப் படை, இலங்கைப் படை, புலிகள், மற்ற இயக்கங்கள் என்று யார் செய்த கொடுமையையும் விட்டுவைக்காமல் எழுதி வைத்தவர். ‘முறிந்த பனை’ நூலின் ஆசிரியர் நால்வரில் ஒருவர். 1989 செப்டம்பர் 21 அன்று வேலை முடிந்து சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். புலிகளே கொன்றார்கள் என்று அவருடைய சகாக்கள் சொன்னார்கள். அதே ஆண்டில் அதிபர் பிரேமதாச இந்தியப் படையை வெளியேறச் சொன்னார், அதோடு நிற்காமல் புலிகளுக்கே ஆயுதமும் கொடுத்தார். இரண்டு துப்பாக்கித் தரப்பும் சேர்ந்து சம்மதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டபின் படை கிளம்பாமல் என்ன செய்யும்? இந்தியாவை நம்பி, ஒப்பந்தத்தால் வந்த மாகாண சபையில் வேலை பார்த்தவர்களும், இந்தியா ஆதரித்த இயக்கம் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போன குடும்பங்களும் நட்டாற்றில் நின்றார்கள்.

ஆயுதமில்லாத காவல்

அடுத்து வந்தவர்கள் நார்வேக்காரர்கள். இந்தியா துப்பாக்கியோடு போய்ப் பட்டதைப் பார்த்தவர்கள் என்பதால் வெறுங்கையோடு வந்தார்கள். 2002 பிப்ரவரி 22 அன்று ரணில் விக்ரமசிங்கேவும் பிரபாகரனும் கையெழுத்திட்ட போர்நிறுத்தத்தைக் கண்காணிக்க நார்வே, ஸ்வீடன், டென்மார்க், பின்லாந்து, ஐஸ்லாந்து ஆகிய ஐந்து நாட்டிலிருந்து அறுபது பேர் அளவில் ஒரு குழு. கையில் நோட்டுப் புத்தகம், வண்டியில் கொடி. மீறல் நடந்தால் எழுதிக்கொள்வார்கள். தடுக்க அதிகாரம் இல்லை. ஆனாலும் ஏ-9 சாலை திறந்தது. முகமாலை சோதனைச் சாவடியைத் தாண்டி யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஓடியது. தமிழ்நாட்டிலிருந்து பலர் ஊர் திரும்பினார்கள். 2003 ஜூனில் டோக்கியோவில் கூடிய நாடுகள் 450 கோடி டாலர் தருவதாக வாக்களித்தன. உலகமே கைகொடுக்க நின்ற தருணம் அது.

அந்த அமைதிக்குள்ளேதான் புலிகள் பள்ளிப் பிள்ளைகளைப் படையில் சேர்த்தார்கள். மாற்றுக் கருத்துக்காரர்களைக் கொன்றார்கள். அரசின் நிழலில் ஆள் கடத்தும் வெள்ளை வேன் ஓடியது. கண்காணிப்பாளர்கள் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டே இருந்தார்கள். 2006-இல் திருகோணமலை மாவட்டத்து மாவிலாறு மதகைப் புலிகள் அடைத்தபோது கீழ்மடை விவசாயிகளின் வயல் காய்ந்தது. மதகுச் சண்டை என்னவென்று வைகைப் பாசனக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. பேச்சு நடத்தி, மதகைத் திறக்கச் சம்மதம் வாங்கி, குழுத் தலைவர் உல்ஃப் ஹென்றிக்சன் அங்கே நிற்கும்போதே அந்தப் பக்கம் ராணுவத்தின் ஷெல் விழுந்தது. அதே ஆண்டு மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் புலிகளைத் தடை செய்ய, அந்த ஒன்றியத்தைச் சேர்ந்த மூன்று நாட்டுக்காரர்களும் வெளியேற வேண்டும் என்றார்கள் புலிகள். வெளியேறினார்கள். மிச்சமிருந்த நார்வே, ஐஸ்லாந்துக்காரர்களை 2008 ஜனவரியில் அரசு அனுப்பி வைத்தது. கதவைத் திறந்ததும் அடைத்ததும் அதே இரண்டு கைகள்.

இரண்டு வாசல்கள்

2008 செப்டம்பர். ராணுவம் கிளிநொச்சியை நெருங்குகிறது. பாதுகாப்புக்குப் பொறுப்பேற்க முடியாது, வன்னியை விட்டு வெளியேறுங்கள் என்று ஐ.நா. அமைப்புகளுக்கு அரசு உத்தரவு போட்டது. கிளிநொச்சி ஐ.நா. அலுவலக வாசலில் சனங்கள் கூடினார்கள். ‘போகாதீர்கள், நீங்கள் இருந்தால்தான் எங்களுக்கு உயிர்’ என்பதுதான் அவர்கள் கேட்டது. ஐ.நா. வண்டிகள் புறப்பட்டுப் போயின. எட்டு மாதத்தில் எல்லாம் முடிந்தது. செஞ்சிலுவைச் சங்கம் மட்டும் கப்பல் வைத்துப் புதுமாத்தளன் கரையிலிருந்து ஆயிரக்கணக்கில் காயம்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு போனது. கடைசிக் கட்டத்தில் நாற்பதாயிரம் பேர் வரை இறந்திருக்கலாம் என்று 2011-இல் ஐ.நா. நிபுணர் குழு சொன்னது. 2012-இல் சார்லஸ் பெட்ரி தலைமையில் ஐ.நா. தன்னையே விசாரித்துக்கொண்டது, முழு அமைப்பும் தன் கடமையில் தவறியது என்று அந்த அறிக்கை ஒளிக்காமல் எழுதியது.

அறிக்கை வந்து ஓராண்டு கடந்ததும் ஐ.நா.வுக்கு இன்னொரு வாசலில் அதே சோதனை வந்தது. 2013 டிசம்பரில் தென் சூடானில் உள்நாட்டுச் சண்டை வெடித்தது. உயிருக்கு ஓடிய மக்கள் ஐ.நா. படை முகாம்களின் வாசலில் வந்து மோதினார்கள். அந்தப் பணிக்குத் தலைமை தாங்கிய ஹில்டே ஜான்சன், நார்வேப் பெண்மணி, வாசலைத் திறந்துவிடச் சொன்னார். பல்லாயிரம் பேர் உள்ளே வந்தார்கள். ஆண்டுக்கணக்கில் அங்கேயே இருந்தார்கள். டிசம்பர் 19 அன்று அகோபோ என்ற ஊரில் உள்ளே தஞ்சம் புகுந்தவர்களைத் தேடி ஆயுதக் கும்பல் சின்ன ஐ.நா. முகாம் ஒன்றை முற்றுகையிட்டபோது, காவலுக்கு நின்ற இந்தியச் சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள். ஐ.நா. கொடியின்கீழ் இதுவரை உயிர்விட்டவர்களில் இந்தியர்கள் முன்வரிசையில் இருப்பது நம் நாட்டுக்குப் பெருமைதான். ஆனால் அந்தச் சிப்பாய்கள் அகோபோ வாசலில் நின்றதைப் படிக்கும்போது, ஐந்தாண்டுக்கு முன்னால் கிளிநொச்சி வாசலில் ஒருவர்கூட நிற்கவில்லையே என்ற எண்ணத்தை என்னால் தள்ளி வைக்க முடியவில்லை. கிளிநொச்சிச் சனங்கள் கேட்டது இதைத்தானே?

நீலத் தொப்பி போட்டவர்கள் எல்லோரும் தேவதூதர்கள் என்று சொல்ல வரவில்லை. ஹைட்டியில் ஐ.நா. படை முகாமிலிருந்து பரவிய காலரா ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது. அதே நாட்டில் பாலியல் சுரண்டல் குற்றச்சாட்டில் 2007-இல் நூற்றுக்கும் மேற்பட்ட சிப்பாய்கள் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அவர்கள் இலங்கை ராணுவத்தினர். ருவாண்டாவில் 1994-இல் கொலைகள் நடக்க நடக்கவே படையைக் குறைத்தார்கள். நன்றாக நடந்ததும் உண்டு. கம்போடியாவில் 1992–93-இல் ஐ.நா. பணி தேர்தல் நடத்தியதோடு, தாய்லாந்து எல்லை முகாம்களில் கிடந்த மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட அகதிகளைத் தேர்தலுக்கு முன்பே ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்தது. அகதி திரும்புவதை அமைதி வேலையின் ஒரு பங்காகவே அங்கே எடுத்துக்கொண்டார்கள். இலங்கை விஷயத்தில் அந்த வேலை யாருடையது என்றே தீர்மானமாகவில்லை.

முழங்காலில் நடக்கும் வேலை

இத்தனை தோல்விக்கு நடுவே வெளியுலகம் உருப்படியாகச் செய்த வேலை ஒன்று உண்டு. அதைப் பற்றித் தமிழ்நாட்டில் அவ்வளவாகப் பேச்சே இல்லை.

முகமாலை. கிளிநொச்சிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நடுவே, இரண்டு படைகளும் ஆண்டுக்கணக்கில் முகத்துக்கு முகம் நின்ற இடம். இரண்டு பக்கமும் விதைத்து வைத்த மிதிவெடிகளால் அது உலகத்தின் மிக அடர்த்தியான வெடிநிலங்களில் ஒன்றானது. மண்ணெல்லாம் ஷெல் துண்டும் தோட்டாவும் கிடப்பதால் உலோகம் காட்டும் கருவி ஓயாமல் கத்தும். அதை வைத்துக்கொண்டு மட்டும் வேலை ஆகாது. அதனால் இலங்கையில் ஒரு முறை வழக்கத்துக்கு வந்தது. முகத்துக்குக் கெட்டியான கண்ணாடி மறைப்பு, மார்புக்குக் கவசம். சிவப்பு வெள்ளைக் குச்சி நட்ட குறுகலான பாதையில் முழங்கால் போட்டு உட்கார்ந்து, நீளக் காம்பு வைத்த இரும்புப் பல்வாரியால் மண்ணைக் கிளறுவார்கள். கனமான வாரி மண்ணை இளக்கும். லேசான வாரி அதைத் தன் பக்கமாக இழுக்கும். பல்லில் பிளாஸ்டிக் விளிம்பு தட்டுப்பட்டால் கை நிற்கும். பிறகு தூரிகை, சின்னக் கரண்டி. பனங்கூடல் வெயிலில் ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சில சதுர மீட்டர் தேறினால் பெரிது.

இந்த வேலையைச் செய்பவர்களில் பெண்கள் ஏராளம். போரில் கணவனை இழந்தவர்கள், குடும்பத்தைத் தனியாகத் தாங்குபவர்கள். பிரிட்டனின் ஹாலோ டிரஸ்ட் 2002-இலிருந்து அங்கே இருக்கிறது. மேக் அமைப்பும், உள்நாட்டு அமைப்புகளான டாஷ், ஷார்ப் ஆகியவையும் உண்டு. இந்தியாவிலிருந்து ஓய்வு பெற்ற ராணுவப் பொறியாளர்களின் குழுக்களும் போய் வேலை செய்தன. தோண்டி எடுப்பவற்றில் பாகிஸ்தானின் பி-4 இருக்கும், சீனத்து டைப்-72 இருக்கும், புலிகள் தாங்களே செய்த ‘ஜொனி’யும் இருக்கும். அந்த ஜொனி ஓர் ஆளின் பெயர். 1988 மார்ச்சில் பேச்சுவார்த்தைக்கான தூதோடு இந்தியாவிலிருந்து வன்னிக்குப் போய்த் திரும்பும் வழியில் இந்தியப் படையால் சுட்டுக் கொல்லப்பட்டவர். அவர் பெயரைத்தான் மிதிவெடிக்கு வைத்தார்கள். கலைந்துபோன ஒரு சமாதானப் பேச்சின் பெயரை முப்பது ஆண்டு கழித்துக் கிளிநொச்சிப் பெண்கள் மண்ணிலிருந்து பல்வாரியால் இழுத்தெடுக்கிறார்கள்.

2017 டிசம்பரில் இலங்கை ஒட்டாவா உடன்படிக்கையில் சேர்ந்தது. 2028 ஜூன் 1-க்குள் நாடு முழுக்க மிதிவெடியை அகற்றி முடிக்க வேண்டும் என்பது கெடு. 2025 தொடக்கத்தில் அமெரிக்கா வெளிநாட்டு உதவிகளை நிறுத்தி வைத்தபோது இந்த வேலைக்கும் அடி விழுந்தது. மாநாட்டில் கோடிக்கணக்கில் வாக்களிக்கிற நாடுகள் முழங்காலிட்டு மண் கிளறும் பெண்ணின் மாதச் சம்பளத்தில் கை வைத்தால் அதைவிடக் கொடுமை வேறில்லை.

இந்தியா கட்டிக்கொடுத்த வீடுகளையும் இதே வரிசையில் சேர்க்க வேண்டும். 2010-இல் அறிவித்த ஐம்பதாயிரம் வீட்டுத் திட்டத்தில் 46,000 வீடுகள் வடக்கிலும் கிழக்கிலும், மற்றவை மலையகத்தில். வடக்கு, கிழக்கில் பெரும்பாலான வீடுகளுக்குக் கான்டிராக்டரை அனுப்பாமல் வீட்டுக்காரரின் வங்கிக் கணக்கிலேயே தவணை தவணையாக ஐந்தரை லட்சம் இலங்கை ரூபாய் போட்டார்கள். அஸ்திவாரம் எழுந்தால் ஒரு தவணை, கூரை ஏறினால் இன்னொன்று. எந்தத் திசை வாசல், எங்கே சாமியறை என்பதை வீட்டுக்காரரே தீர்மானித்தார். பிடுங்கி எறிந்த வடக்கு ரயில் பாதையை இந்தியாவின் இர்கான் நிறுவனம் மறுபடி போட்டு, 2014 அக்டோபரில் யாழ்தேவி யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தது. சனங்களைக் கேட்டுச் செய்த வேலை நின்றது. அதிகாரத்தைக் கேட்டுச் செய்த வேலை கலைந்தது. என் கணக்கு இவ்வளவுதான்.

காணியும் காணாமல் போனவர்களும்

வெடியை எடுத்த நிலம் எல்லாம் சொந்தக்காரருக்குப் போகவில்லை. 1990-இல் காலி செய்யவைத்த வலிகாமம் வடக்கு ஊர்கள் பல்லாண்டு உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் கிடந்தன. மயிலிட்டி மீன்பிடித் துறைமுகம் 27 ஆண்டு கழித்து 2017-இல்தான் விடுவிக்கப்பட்டது. முல்லைத்தீவு கேப்பாப்புலவில் பெண்கள் ராணுவ முகாம் வாசலில் மாதக்கணக்கில் உட்கார்ந்து காணி கேட்டார்கள். கொஞ்சம் கிடைத்தது, பாக்கி இன்னும் உண்டு. 1987 ஒப்பந்தத்தின் மிச்சமாகச் சட்டப் புத்தகத்தில் இருப்பது 13-ஆவது திருத்தமும் மாகாண சபைகளும். வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018 அக்டோபரில் முடிந்தது. அதன்பின் தேர்தலே நடக்கவில்லை. அன்று ஒப்பந்தத்தை எதிர்த்து ஆயுதம் தூக்கிய ஜே.வி.பி.யின் தலைவர் அநுர குமார திசாநாயக்க 2024-இல் அதிபரானார். அந்த நவம்பரில் யாழ்ப்பாண மாவட்டத்திலேயே அவர் கூட்டணி முதலிடம் பிடித்தது. தமிழர்கள் ஒரு வாய்ப்புக் கொடுத்துப் பார்த்தார்கள். மாகாண சபைத் தேர்தலை நடத்துவதற்கு அதைவிடப் பெரிய சம்மதம் வேண்டுமா?

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர்கள் 2017 பிப்ரவரி 20 அன்று கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்பு உட்கார்ந்தார்கள். பிள்ளையின் போட்டோவை மடியில் வைத்தபடியே செத்துப்போன தாய் தகப்பன் அதற்குள் எத்தனையோ பேர். அரசு அமைத்த அலுவலகம் வேண்டாம், வெளிநாட்டு விசாரணை வேண்டும் என்கிறார்கள். 2025-இல் யாழ்ப்பாணம் செம்மணியில் தோண்டத் தோண்ட இருநூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வந்தன. குழந்தைகளும் அதில். கூடவே ஒரு பள்ளிக்கூடப் பை, ஒரு பொம்மை. ஐ.நா. மனித உரிமை ஆணையர் வோல்கர் டர்க் அந்த ஜூனில் நேரில் வந்து குழியைப் பார்த்தார். சாட்சியங்களைச் சேர்த்து வைக்க 2021-இல் ஜெனீவாவில் ஓர் அலுவலகத்தை உருவாக்கியிருக்கிறார்கள். அந்தக் குழிகளைத் தோண்டவும் எலும்புகளின் மரபணுவைச் சோதிக்கவும் அனுபவப்பட்ட வெளிநாட்டு நிபுணர்கள் வேண்டும். அமைதி காக்கும் உதவி என்று இன்று எதையாவது கேட்க வேண்டுமானால் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

உச்சப்பட்டிக் கணக்கு

இனி, நம் பக்கத்துக்கு வருவோம். தமிழ்நாட்டு முகாம்களில் ஏறத்தாழ 58,000 பேர் இருப்பதாக 2021-இல் அரசு சொன்னது. வெளியே பதிவு செய்து வாழ்பவர்கள் இன்னும் 34,000 பேர். அந்த ஆண்டு ஆகஸ்டில் முதல்வர் ஸ்டாலின் 317 கோடி ரூபாயில் திட்டங்கள் அறிவித்தார். குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய், மற்றப் பெரியவர்களுக்கு 1,000, பிள்ளைகளுக்கு 500 என்று உதவித்தொகை உயர்ந்தது. 7,469 புது வீடுகள் என்றார்கள். அகதி முகாம் என்ற பெயரும் மறுவாழ்வு முகாம் ஆனது. நல்ல வேலை. ஆனால் ஆள் எண்ணும் கணக்கெடுப்பு போகவில்லை. அதிகாரி வரும் நாளில் குடும்பம் முழுக்க வந்து வரிசையில் நிற்க வேண்டும். இல்லாதவருக்குப் பதிவு கிடையாது. 2016 மார்ச்சில் உச்சப்பட்டியில் அப்படி ஒரு கணக்கெடுப்பின்போது, வர முடியாத மகனுக்குப் பதிவு மறுக்கப்பட்டதில் எழுந்த வாக்குவாதத்தை அடுத்து ஒரு தகப்பன் எல்லோர் கண்ணெதிரிலும் உயிரை மாய்த்துக்கொண்டார். மதுரையே ஒரு வாரம் அதைப் பேசியது. பிறகு விட்டுவிட்டது.

ஊருக்குத் திரும்புவீர்களா என்று முகாமில் கேட்டால் வயசாளிகளின் பதில் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும்: போக ஆசை உண்டு, காணி கிடைக்குமோ, பிள்ளையள் இங்கயே பிறந்து இங்கயே படிச்சிட்டுதுகள், அதுகளுக்கு அங்க என்ன இருக்கு தம்பி? அந்தப் பிள்ளைகளோ எங்கள் மதுரைப் பேச்சைப் பேசுகிறார்கள், இங்கே கல்லூரிகளில் படிக்கிறார்கள், பட்டம் வாங்கிவிட்டுப் பெயின்ட் அடிக்கப் போகிறார்கள். அரசு வேலை கிடையாது, பாஸ்போர்ட் கிடையாது.

ராஜீவ் கொலைக்குப் பின் 1992-இல் இந்தியா அகதிகளை வேகமாகத் திருப்பி அனுப்பத் தொடங்கியபோது, விருப்பத்தோடுதான் போகிறார்களா என்று சரிபார்க்க ஐ.நா. அகதிகள் ஆணையம் சென்னையில் இடம் பிடித்தது. சம்மதம் என்ற ஒன்றை சனங்களிடமே நேரில் கேட்ட அரிய ஏற்பாடு அது. அந்த ஏற்பாட்டின் வழியாக 2025 மே மாதம் ஊர் திரும்பிய முதியவர் ஒருவர், முறையான ஆவணமின்றி அந்தக் காலத்தில் நாட்டைவிட்டுப் போன குற்றத்துக்காகப் பலாலி விமான நிலையத்திலேயே கைது செய்யப்பட்டார். உயிருக்கு ஓடியவன் பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டா ஓடுவான்? அந்தக் கைதுக்குப் பின், திருப்பி அனுப்பும் வேலையையே ஆணையம் நிறுத்தி வைக்க நேர்ந்தது.

இந்தியப் பக்கத்தில் கொஞ்சம் அசைவு உண்டு. 2015 ஜனவரி 9-க்கு முன் வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்கள் மீது, ஆவணமில்லாமல் வந்ததற்காக வழக்குப் போடுவதில்லை என்று 2025 செப்டம்பரில் மத்திய உள்துறை உத்தரவிட்டது. தண்டனை இல்லை என்பது வரை சரி. குடியுரிமைக்கு அது வழி காட்டவில்லை. சட்டத்துக்குள் இருக்கும் வழியைக் கண்டுபிடித்துக் காட்டியது ஒத்தக்கடை அருகிலுள்ள உயர் நீதிமன்ற மதுரைக் கிளைதான். இந்திய வம்சாவளியினரான 65 அகதிகள் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம், அரசு அதைப் பரிசீலிக்க வேண்டும் என்று 2019 ஜூனில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் தீர்ப்பளித்தார். 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த பெண்ணுக்கு இந்தியப் பாஸ்போர்ட் தர 2022 ஆகஸ்டில் அதே கிளை உத்தரவிட்டது. 2024 ஏப்ரல் நாடாளுமன்றத் தேர்தலில் அவர் ஓட்டுப் போட்டார்.

அவருக்குக் கிடைத்தது பிறந்த தேதியால். 1987 ஜூலை 1-க்கு முன் இந்த மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். அதற்குப் பின் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். அந்த ஜூலை 29-இல்தான் கொழும்பில் ஒப்பந்தம் கையெழுத்தானது. அந்த மாதம் முகாமில் பிறந்த பிள்ளைக்கு இப்போது நாற்பது நெருங்குகிறது. ஒப்பந்தம் தருவதாகச் சொன்ன ஊரும் கிடைக்கவில்லை, பிறந்த ஊரும் சட்டப்படி சொந்தமில்லை.

படை அனுப்பிய நாடு இந்தியா. தஞ்சம் கொடுத்ததும் இந்தியா. வேறு எந்த நாட்டுக்கும் இந்த இரட்டைப் பொறுப்பு கிடையாது. திரும்ப விரும்புபவருக்குக் கைது இல்லை, காணி உண்டு என்ற உறுதியைக் கொழும்பிடம் எழுத்தில் வாங்க வேண்டும். இருக்க விரும்புபவருக்குக் குடியுரிமை தர வேண்டும். எது வேண்டும் என்பதை உச்சப்பட்டியிலும் ஆனையூரிலும் திருவாதவூரிலும் இருப்பவர்களே சொல்லட்டும். முதலாவதற்கு இன்னொரு நாட்டின் ஒப்புதல் தேவை. இரண்டாவதற்கு டெல்லி மட்டும் போதும். பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசம் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்தவர்களுக்காக 2019 டிசம்பரில் இதே குடியுரிமைச் சட்டத்தை நாடாளுமன்றம் திருத்தியது. நான்காவதாக இலங்கையின் பெயரைச் சேர்க்க எந்த நாட்டைக் கேட்க வேண்டும்?